பிரெஞ்சு ஒயினைக் கற்க முதல் வட்டாரம் எது? போர்தோ, பர்கண்டி, ரோன், அல்சாஸ், லுவார்: ஓர் ஒப்பீடு

பிரெஞ்சு ஒயினை முறையாக அறிந்துகொள்ள விரும்புகிறவருக்கு முதலில் எழும் கேள்வி, எந்த வட்டாரத்திலிருந்து தொடங்குவது என்பதுதான். உணவக மேலாண்மை படிக்கும் மாணவருக்கும், வேலைக்காக ஐரோப்பா சென்று அங்கேயே தங்கிவிட்டவருக்கும், விடுமுறைப் பயணத்துக்குத் திட்டமிடுகிறவருக்கும் இந்தக் கேள்வி பொதுவானது. கடையில் பிரெஞ்சு ஒயின்கள் இருக்கும் அடுக்கின் முன் நின்றால், பெரும்பாலான புட்டிகளில் திராட்சையின் பெயர் இருப்பதில்லை. ஊரின் பெயரோ குன்றின் பெயரோதான் இருக்கும். எந்த ஊர்ப் பெயரை யார் பயன்படுத்தலாம், அந்த எல்லைக்குள் எந்தத் திராட்சையைப் பயிரிடலாம், ஒரு ஹெக்டேரில் எவ்வளவு விளைவிக்கலாம் என்பதையெல்லாம் 1935இல் சட்டமான தோற்றப்பெயர் முறை வரையறுக்கிறது. ஆகவே ஊரைப் படிக்காமல் ஒயினைப் படிக்க வழியில்லை. எல்லா ஊர்களையும் ஒரே மூச்சில் படிக்க முயல்கிறவர்கள் பெயர்களை மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடுகிறார்கள். ஒரு வட்டாரத்தைத் தேர்ந்து, சில மாதங்கள் அதிலேயே தங்கிப் படிப்பதுதான் பயன் தரும் என்பது என் கருத்து.

தேர்வுக்கு ஓர் அளவுகோல் வேண்டும். கோப்பையில் இருப்பதன் சுவையைத் திராட்சை இரகம், மண், வானிலை, தயாரிப்பவரின் கை ஆகிய நான்கும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. நான்கும் ஒரே நேரத்தில் மாறினால், எது எதற்குக் காரணம் என்று தொடக்க நிலையில் இருப்பவரால் பிரித்தறிய முடியாது. எனவே, மற்றவற்றைக் கூடியவரை நிலையாக வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் மாற்றிக் காட்டும் வட்டாரமே கற்பதற்கு ஏற்றது. அதோடு, இரண்டு மூன்று புட்டிகளைப் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட்டால்தான் எதுவும் புரியும் என்பதால், விலையும் எளிதில் கிடைப்பதும் புறக்கணிக்கத்தக்க காரணங்கள் அல்ல. புகழை நான் அளவுகோலாக எடுத்துக்கொள்ளவில்லை.

புகழ்தான் அளவுகோல் என்றால் போர்தோவைத் தாண்டி யோசிக்க வேண்டியதே இல்லை. கரோன், தோர்தோன் ஆகிய ஆறுகள் சேர்ந்து ஜிரோந்துக் கழிமுகமாகி அட்லாண்டிக்கில் கலக்கும் இடத்தைச் சுற்றி அமைந்தது இவ்வட்டாரம். கடலின் அண்மையால் அங்கே குளிர்காலம் மிதமானது. ஆனால் ஆண்டுக்கு ஏறக்குறைய 900 மில்லிமீட்டர் மழை பெய்கிறது, அறுவடை நேரத்தில் மழை வருமோ என்ற கவலை எந்த ஆண்டிலும் நீங்குவதில்லை. இடது கரையான மெதோக்கில் ஆறு கொண்டுவந்து குவித்த சரளைக்கல் மேடுகள் உள்ளன. 17ஆம் நூற்றாண்டில் டச்சுப் பொறியாளர்கள் வடிகால்கள் வெட்டும்வரை அந்நிலத்தில் பெரும்பகுதி சதுப்பாகவே கிடந்தது. சரளை, நீரை விரைவாக வடியவிட்டுப் பகலின் வெப்பத்தைத் தேக்கிக்கொள்வதால், தாமதமாகப் பழுக்கும் கபெர்னே சோவின்யோன் அங்கு முழுமையாகப் பழுக்கிறது. வலது கரையில் சாந்தெமிலியோன், பொமரோல் ஆகிய ஊர்களில் களிமண்ணும் சுண்ணாம்புப் பாறையும் மிகுதி. ஈரமும் குளிர்ச்சியும் கொண்ட அந்த மண்ணில் கபெர்னே சோவின்யோன் பழுக்கத் தடுமாறும் என்பதால், முன்னதாகவே பழுத்துவிடும் மெர்லோ முதலிடத்தையும் கபெர்னே பிராங் இரண்டாமிடத்தையும் பெறுகின்றன.

இரு கரைகளின் இந்த வேறுபாடு தாளில் படிக்கும்போது தெளிவாகவே இருக்கிறது. கோப்பையில்தான் அது கலங்கிவிடுகிறது. போர்தோவின் சிவப்பு ஒயின் பெரும்பாலும் ஒற்றை இரகத்தால் ஆனதல்ல. பூக்கும் பருவத்தில் மழை பெய்து மெர்லோவின் பிஞ்சுகள் உதிர்ந்தால் கபெர்னே கைகொடுக்கும், இலையுதிர்காலம் குளிர்ந்து கபெர்னே பழுக்காவிட்டால் மெர்லோ கைகொடுக்கும் என்ற நீண்ட கால அனுபவத்தால், ஒவ்வொரு பண்ணையும் ஆண்டுதோறும் கலவையின் விகிதத்தை மாற்றிக்கொள்கிறது. ஆகவே இரண்டு புட்டிகள் வேறுபட்டால் அது மண்ணாலா, விகிதத்தாலா, ஆண்டின் வானிலையாலா, புதிய ஓக் பீப்பாயாலா என்று சொல்ல முடிவதில்லை. உயர்தரப் புட்டிகளோ பத்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தால்தான் துவர்ப்பு அடங்கித் தம் இயல்பைக் காட்டுகின்றன. பலரும் மேற்கோள் காட்டும் 1855ஆம் ஆண்டின் தரவரிசையும் கற்பவருக்கு அதிகம் உதவாது. மூன்றாம் நெப்போலியனின் காலத்தில் பாரிஸ் கண்காட்சிக்காக அது தயாரிக்கப்பட்டபோது, அன்றைய சந்தை விலையே அடிப்படையாக இருந்தது. வரிசைப்படுத்தப்பட்டவை நிலங்கள் அல்ல, பண்ணைகள். அந்தப் பண்ணை அதே தோற்றப்பெயரின் எல்லைக்குள் பக்கத்து நிலத்தை வாங்கிச் சேர்த்துக்கொண்டாலும் அதன் தரம் மாறுவதில்லை. 1973இல் மூத்தோன் ரோத்ஷீல்ட் பண்ணை முதல் வகுப்புக்கு உயர்த்தப்பட்டதைத் தவிர, முதல் வகுப்பில் வேறெந்த மாற்றமும் நிகழவில்லை.

போர்தோவில் எனக்கு மிகவும் கற்றுத்தந்த மூலை, சிவப்பு ஒயினுக்குத் தொடர்பற்ற, இனிப்பு ஒயினின் இடமான சோதெர்ன்தான். சிரோன் என்னும் சிற்றாற்றின் குளிர்ந்த நீர் கரோன் ஆற்றில் கலக்குமிடத்தில் இலையுதிர்காலக் காலைகளில் மூடுபனி எழுகிறது. அந்த ஈரத்தில் பூஞ்சணம் திராட்சையின் தோலைத் துளைக்க, பிற்பகல் வெயில் உள்ளிருக்கும் நீரை வற்றச் செய்ய, சேமியோன் பழங்கள் சுருங்கிச் சர்க்கரை செறிந்து நிற்கின்றன. ஒரு சிற்றாறு ஒரு ஒயினையே உருவாக்குவதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் இடம் வேறு அதிகமில்லை. ஆனால் ஒரு மூலைக்காக ஒரு வட்டாரத்தையே முதலாவதாகத் தேர்வது சரியாகாது.

பர்கண்டி இதற்கு நேர் எதிரானது. சிவப்புக்குப் பினோ நுவார், வெள்ளைக்கு ஷார்தொனே என்று முதன்மை இரகங்கள் இரண்டே, கலப்பது வழக்கமில்லை. திஜோனிலிருந்து தெற்கே போன் நகரத்தையும் தாண்டி நீளும் கோத் தோர் என்னும் குறுகிய கிழக்குச் சரிவில், சுண்ணாம்புப் பாறையும் சுண்ணாம்புக் களிமண்ணும் சில மீட்டருக்கு ஒருமுறை விகிதம் மாறிக் கிடக்கின்றன. சரிவின் உச்சியில் மண் மெலிந்தும் குளிர்ந்தும், அடிவாரத்தில் கனத்து ஈரத்தைப் பிடித்துக்கொண்டும் இருப்பதால், தலைசிறந்த நிலங்கள் நடுச்சரிவிலேயே அமைந்தன. 1098இல் நிறுவப்பட்ட சித்தோ மடத்தின் துறவிகளும் பிற மடத்தினரும் நூற்றாண்டுகளாக இந்நிலங்களைத் தனித்தனியாகப் பிரித்தறிந்து பெயரிட்டார்கள்; அவ்வாறு வரையறுக்கப்பட்ட நிலத்துண்டுகளை 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக ஏற்றுக்கொண்டது. போர்தோவில் தரவரிசை பண்ணைக்கு என்றால் இங்கே அது நிலத்துக்கு. இரகம் ஒன்று, வானிலை ஏறத்தாழ ஒன்று, மாறுவது மண் மட்டும் என்னும்போது, என் அளவுகோலின்படி இதுவே முதலாவதாக வர வேண்டும்.

ஆயினும் அதை முதலாவதாகப் பரிந்துரைக்க நான் தயங்குவதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. பிரெஞ்சுப் புரட்சியின்போது மடங்களின் நிலங்கள் விற்கப்பட்டன. பின்னர் நெப்போலியனின் வாரிசுச் சட்டம் சொத்தைப் பிள்ளைகளுக்குச் சமமாகப் பங்கிட்டது. விளைவாக, சுமார் 50 ஹெக்டேர் பரப்பே உள்ள குளோ த வூஜோ என்னும் நிலம் இன்று ஏறக்குறைய 80 உரிமையாளர்களின் கையில் இருக்கிறது. ஒரே நிலத்தின் பெயர் தாங்கிய இரண்டு புட்டிகளில் ஒன்று அருமையாகவும் மற்றது சாதாரணமாகவும் இருக்கலாம். அந்த வேறுபாட்டை மண்ணின் கணக்கில் எழுதினால் தவறான பாடமே மனத்தில் பதியும். இரண்டாவது காரணம் விலை. வெறும் 1.8 ஹெக்டேர் கொண்ட ரொமானே கோந்தி என்னும் நிலத்து ஒயினின் விலையைப் பற்றிப் பேச வேண்டாம். தனி நிலத்தின் பெயரின்றி ஊரின் பெயரை மட்டும் தாங்கிய கிராம நிலைப் புட்டிகளை ஒப்பிடவே ஒருவர் கணிசமாகச் செலவிட வேண்டியிருக்கிறது. விளைச்சலும் நிலையற்றது: பினோ நுவாரும் ஷார்தொனேயும் சீக்கிரமே துளிர்விடும் இரகங்கள் என்பதால் ஏப்ரல் மாத உறைபனி அவற்றை எளிதில் கருக்கிவிடுகிறது, 2021இல் நிகழ்ந்ததைப் போல. பர்கண்டி சிறந்த இரண்டாம் ஆண்டுப் பாடம். முதல் ஆண்டில் அதைத் தொடுகிறவர் பணத்தை இழப்பதோடு நம்பிக்கையையும் இழக்கக்கூடும்.

ரோன் ஒரே பெயரில் அடங்கிய இரண்டு வட்டாரங்கள். வடக்கே வியன் நகரிலிருந்து வலான்ஸ் வரை ஆற்றின் இரு மருங்கிலும் செங்குத்தான கிரானைட் சரிவுகள். கல் சுவர்களால் தாங்கப்பட்ட படிநிலங்களில் கொடிகளைக் கழிகளில் கட்டி வளர்க்கிறார்கள், ஏனெனில் வடக்கிலிருந்து வீசும் மிஸ்திரால் காற்று கட்டாத கொடியை முறித்துவிடும். சிவப்புக்கு அங்கே சிரா ஒன்றே. கோத் ரோத்தி, எர்மிதாஜ், கோர்நாஸ் ஆகிய மூன்றையும் அடுத்தடுத்துச் சுவைத்தால், வடக்கிலிருந்து தெற்கே வெப்பம் கூடக்கூட ஒரே திராட்சை மிளகு மணத்திலிருந்து கனத்த கருமைக்கு நகர்வதை உணரலாம். சிவப்பை மட்டுமே விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. பரப்பு சிறியது, விலை அதிகம் என்பதே தடை. தெற்கே ஷாதோநெஃப் து பாப்பில் உருண்டைக் கூழாங்கற்கள் பரவிய மேட்டுநிலத்தில் கிரெனாஷ் முதலிடம் வகிக்க, 13 இரகங்களுக்கு அனுமதி உண்டு. வழக்கறிஞரான லெ ருவா பிரபு 1920களில் அவ்வூருக்கு வகுத்த விதிகளே பிற்காலத் தோற்றப்பெயர்ச் சட்டத்துக்கு முன்மாதிரியாயின என்பதால் வரலாறு படிப்பவர் அவ்வூரைத் தவிர்க்க முடியாது. அதே ஊரின் நகராட்சி 1954இல் தன் எல்லைக்குள் பறக்கும் தட்டுகள் இறங்கக் கூடாது என்றும் ஆணையிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் விதி வகுப்பதில் காட்டும் முழுமைக்கு அதுவும் ஓர் எடுத்துக்காட்டு. எனினும் 13 இரகங்களின் கலவை போர்தோவின் சிக்கலையே பெரிதாக்கித் திரும்பக் கொண்டுவருகிறது.

அல்சாஸைப் பரிந்துரைப்பவர்கள் சொல்லும் காரணம் வலுவானது: பிரான்ஸில் புட்டியின் மேல் திராட்சையின் பெயரை வழக்கமாக எழுதும் மதிப்புமிக்க வட்டாரம் அதுவே. மேற்கே வோஜ் மலைத்தொடர் மழையைத் தடுத்துவிடுவதால், கோல்மார் நகரம் பிரான்ஸின் மிக வறண்ட இடங்களில் ஒன்று. நீண்ட, வறண்ட இலையுதிர்காலத்தில் ரீஸ்லிங், பினோ கிரி, கெவுர்ஸ்திரமினர், மஸ்கட் ஆகியவை மணம் குன்றாமல் மெல்லப் பழுக்கின்றன. ஒரே பண்ணையின் நான்கு இரகங்களை ஒரே மேசையில் வைத்தால் இரகம் என்றால் என்ன என்பது அரை மணி நேரத்தில் புரிந்துவிடும். மண்ணும் பலவகை; ஷ்லாஸ்பெர்கில் கிரானைட், ரான்கெனில் எரிமலைப் பாறை. ஆனால் நெடுங்காலம் புட்டியைத் திறக்கும்வரை உள்ளே இருப்பது இனிக்குமா இனிக்காதா என்று தெரியாமலே வாங்க வேண்டியிருந்தது. அண்மை ஆண்டுகளில்தான் இனிப்பின் அளவைக் குறிப்பிடும் வழக்கம் பரவியிருக்கிறது. மேலும், அங்கே கற்கும் ரீஸ்லிங்கையும் கெவுர்ஸ்திரமினரையும் பிரான்ஸின் வேறெந்தப் பெரிய வட்டாரத்திலும் சந்திக்க முடியாது. கற்றது அடுத்த வட்டாரத்துக்கு வழி திறக்கவில்லை என்பது சிறிய குறையல்ல.

ஷாம்பேனைப் பல ஆண்டுகளின், பல ஊர்களின் ஒயின்களைக் கலந்து ஒரே சீரான சுவையைத் தருவதே தொழிலாகக் கொண்ட வட்டாரம் என்பதால் இங்கே ஒதுக்குகிறேன். வெண்சுண்ணாம்பு மண்ணும் குளிரும் ஒயினில் இருக்கின்றன, ஆனால் கலவைக்கும், நுரையைத் தரும் இரண்டாம் நொதித்தலுக்கும் பின்னால் மறைந்திருக்கின்றன. லாங்தோக் மலிவும் பரப்பும் உடையது; அதன் எல்லைகளும் மரபுகளும் இன்னும் உருவாகிக்கொண்டே இருப்பதால் தொடக்கப் பாடநூலாக அது அமையாது.

எஞ்சியிருப்பது லுவார். ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் ஓடும் பிரான்ஸின் மிக நீண்ட ஆறு அது. அதன் கரைகளில் நாந்த் நகரை அடுத்த கடலோரப் பகுதியிலிருந்து கிழக்கே சான்சேர் வரை, நேர்கோட்டில் 300 கிலோமீட்டருக்கு மேல் திராட்சைத் தோட்டங்கள் தொடர்கின்றன. அகலக்கோடு ஏறக்குறைய ஒன்றே என்பதால் சூரியனின் கணக்கு பெரிதாக மாறுவதில்லை. மாறுவது கடலிலிருந்து உள்ள தொலைவு. மேற்கே மிதமான, ஈரமான கடற்காற்று. கிழக்கே போகப்போக வெப்பமான கோடையும் கடுமையான குளிர்காலமும். ஒவ்வொரு பகுதியிலும் ஓர் இரகம் தலைமை வகிக்கிறது, பெரும்பாலும் கலக்கப்படாமலே புட்டியில் அடைக்கப்படுகிறது, புதிய ஓக் பீப்பாயின் மணமும் பொதுவாகக் குறைவு. விலையோ பர்கண்டியோடு ஒப்பிட முடியாத அளவுக்கு இறங்கியிருக்கிறது. நான் முன்வைத்த அளவுகோலுக்கு இவ்வளவு பொருந்தும் வேறு வட்டாரம் எனக்குத் தெரியவில்லை.

கடலோரத்தில் தொடங்கினால் முதலில் வருவது மஸ்கடே. பெயரைக் கண்டு மஸ்கட் திராட்சை என்று எண்ணிவிட வேண்டாம். இதன் இரகம் மெலோன் த பூர்கோன்ய். 1709ஆம் ஆண்டின் கொடுங்குளிரில் அவ்வட்டாரத்துக் கொடிகள் மடிந்தபின், குளிரைத் தாங்கிய இந்த இரகமே மீண்டும் பரவலாக நடப்பட்டது. தனக்கென்று பெரிய மணமில்லாத திராட்சை என்பதே கற்பவருக்கு அதன் சிறப்பு: நொதித்தலுக்குப் பின் குளிர்காலம் முழுவதும் ஈஸ்ட் வண்டலின் மேலேயே வைத்திருப்பதால் வரும் செறிவையும், நிலத்தின் வேறுபாட்டையும் மறைக்க அதனிடம் எதுவுமில்லை. கிரானைட் நிலத்தின் கிளிசோன் என்னும் ஊர்ப் புட்டியையும், கருநிற காப்ரோ பாறை நிலத்தின் கோர்ஜ் என்னும் ஊர்ப் புட்டியையும் சேர்த்து வாங்கி ஒப்பிடலாம். முந்தையது பழுத்து அகன்றும் பிந்தையது இறுகி நிமிர்ந்தும் இருக்கும்.

அடுத்து ஆன்ஷூ. லுவார் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த பாடம் இங்கேதான் இருக்கிறது. மேற்கிலிருந்து வரும் மிகப் பழைய படலப்பாறை நிலமும் கிழக்கிலிருந்து வரும் வெண்ணிற தூஃபோ சுண்ணாம்பு நிலமும் இவ்விடத்தில் சந்திக்கின்றன. முதலாவதைக் கருப்பு ஆன்ஷூ என்றும் இரண்டாவதை வெள்ளை ஆன்ஷூ என்றும் அழைக்கிறார்கள். நில வரைபடம் தேவையில்லை: ஆன்ஷேர் நகரின் கருங்கற்பலகைக் கூரைகளையும் சோமுயர் நகரின் வெண்கல் சுவர்களையும் பார்த்தாலே எல்லை எங்கே இருக்கிறது என்று தெரியும். இரண்டு நிலத்திலும் விளைவது ஷெனின் பிளாங். படலப்பாறையில் நிற்கும் சவென்யேரின் உலர் ஒயின், அதாவது இனிப்பற்ற ஒயின், இறுக்கமானது, இளமையில் கடுமையானது. தூஃபோவில் நிற்கும் சோமுயர், வூவ்ரே ஒயின்கள் இளகியவை, நறுமணம் மிகுந்தவை. லெயோன் சிற்றாற்றின் ஓரத்தில் மூடுபனியும் பூஞ்சணமும் சேர்ந்து அதே ஷெனினை இனிப்பு ஒயினாக்குகின்றன. சோதெர்னின் பாடத்தைப் புளிப்பு மிகுந்த இரகத்தில் இங்கே மறுபடியும் படிக்கலாம். வூவ்ரேயில் அதே திராட்சை ஆண்டின் வெப்பத்துக்கேற்ப உலர் ஒயினாகவும், அரை இனிப்பாகவும், நுரைக்கும் ஒயினாகவும் மாறுகிறது. இந்தியாவில் இருக்கும் வாசகருக்கு ஒரு கூடுதல் வசதி: நாசிக்கின் வெள்ளை ஒயின்களில் ஷெனினும் சோவின்யோன் பிளாங்கும் முன்னணியில் இருக்கின்றன. குளிர்கால உறக்கமே இல்லாத, ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்து குளிர்காலத்தின் இறுதியில் அறுவடை செய்யும் அந்நிலத்து ஷெனினை வூவ்ரேயோடு ஒப்பிட்டால், வானிலையின் பங்கு என்ன என்பது எந்தப் புத்தக விளக்கத்தையும்விடத் தெளிவாகும்.

ஷினோனும் பூர்கேய்யும் கபெர்னே பிராங்கின் ஊர்கள். ஆற்றோர மணலிலும் சரளையிலும் விளைந்தது கோடையில் சற்றுக் குளிர்வித்துக் குடிக்கத்தக்க மெல்லிய ஒயின். தூஃபோ சரிவில் விளைந்தது பல ஆண்டுகள் வைக்கத்தக்கது. கபெர்னே பிராங்கைத் தனியாக இங்கே அறிந்துகொண்டவர், பின்னாளில் சாந்தெமிலியோனின் கலவையில் அதன் பங்கை எளிதாக அடையாளம் காண்பார். அதுமட்டுமல்ல, 1990களில் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் நடந்த மரபணு ஆய்வு, கபெர்னே சோவின்யோனின் பெற்றோர் கபெர்னே பிராங்கும் சோவின்யோன் பிளாங்கும் என்று காட்டியது. பெற்றோர் இருவருமே லுவார்க் கரையில் தனித்துச் சுவைக்கக் கிடைக்கிறார்கள். பழைய நூல்கள் லுவாரின் சிவப்பைப் பச்சைக் குடைமிளகாய் வாடை கொண்டது என்று குறைகூறும். அக்கூற்று இப்போது பாதிதான் உண்மை. போன் நகரில் 1354 முதல் தொகுக்கப்பட்ட அறுவடைத் தேதிகளின்படி, 1988க்குப் பின் அறுவடை முந்தைய நூற்றாண்டுகளைவிடச் சராசரியாக ஏறக்குறைய இரண்டு வாரம் முந்திவிட்டது. அந்த வெப்பம் லுவாரின் கபெர்னே பிராங்கைப் பழுக்க வைக்கிறது. அதே வெப்பம் போர்தோவின் மெர்லோவில் சர்க்கரையை மிகுதியாக்குவதால், போர்த்துகலின் தூரிகா நசியொனால் உட்பட ஆறு புதிய இரகங்களைச் சிறிய அளவில் பயிரிட 2021இல் அனுமதி தரப்பட்டது.

லுவாருக்குக் குறைகள் இல்லாமலில்லை. தோற்றப்பெயர்கள் ஏராளம், வூவ்ரே புட்டியில் இனிப்பின் அளவு எப்போதும் குறிக்கப்பட்டிருப்பதில்லை, வசந்தகால உறைபனி இங்கும் பர்கண்டியைப் போலவே அடிக்கடி தாக்குகிறது, கனத்த, ஆழ்ந்த சிவப்பை விரும்புகிறவர் இங்கே நிறைவடைய மாட்டார். அப்படிப்பட்டவர் வடக்கு ரோனிலிருந்து தொடங்கலாம். நட்சத்திர விடுதியில் ஒயின் பரிமாறும் பணிக்கு உடனடியாகச் செல்ல வேண்டியவருக்கும் என் ஆலோசனை வேறு: விருந்தினர் கேட்கப்போவது போர்தோவையும் ஷாம்பேனையும்தான் என்பதால், புரிகிறதோ இல்லையோ அவற்றின் பெயர்களை முதலில் மனப்பாடம் செய்தாக வேண்டும். மற்ற அனைவருக்கும் லுவார்.

அதன் கிழக்கு முனையான சான்சேர் இன்னொரு வகையிலும் பயன்படுகிறது. அங்கே சோவின்யோன் பிளாங் மூன்று வகை நிலங்களில் விளைகிறது: சிறு சுண்ணாம்புக் கற்கள் நிறைந்த நிலம், கடற்சிப்பிப் புதைபடிவங்கள் கலந்த வெண்மண், சிக்கிமுக்கிக் கல் நிலம். இவற்றுள் வெண்மண், கிமரிட்ஜ் என்னும் தொன்மையான புவியியல் காலத்துப் பாறை அடுக்கு. அதே அடுக்கு பூமிக்கடியில் தொடர்ந்து, நேர்தொலைவில் 100 கிலோமீட்டருக்கும் குறைவாக உள்ள பர்கண்டியின் ஷப்லியில் மீண்டும் மேலெழுகிறது. அங்கே அதன்மேல் நிற்பது ஷார்தொனே. மண் ஒன்று, குளிரும் ஏறத்தாழ ஒன்று, மாறுவது இரகம் மட்டும். சான்சேரின் வெண்மண் புட்டி ஒன்றையும், ஓக் பீப்பாயில் வைக்கப்படாத ஷப்லிப் புட்டி ஒன்றையும் ஒரே ஆண்டின் அறுவடையாகப் பார்த்து வாங்கி ஒப்பிட்டுவிட்டால், பர்கண்டிக்குள் நுழைவதற்கு அதற்குமேல் செலவிட வேண்டியதில்லை.